தனிமை முகாமுக்கு வரமாட்டேன் என்று சொல்ல உரிமை உண்டா?

கேள்வி: என் கணவர் கோயம்பேடு மார்க்கெட்டில் லோடுமேனாக இருந்தார். 2020 மே மாதம் அங்கே கொரோனா பரவியபோது காய்கறி லாரியில் ஏறி ஊருக்கு வந்துவிட்டார். மறுநாள் காலையிலேயே வி.ஏ.ஓ.வும் போலீசும் வந்து ஒரு கல்லூரிக் கட்டடத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். காய்ச்சல், இருமல் எதுவும் இல்லை. டெஸ்டிலும் ‘இல்லை’ என்றுதான் வந்தது. அப்படியும் பதினாலு நாள் விடவில்லை. இங்கே எங்கள் வீட்டு வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். அவர் பெயர், அவர் அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. பால்காரர்கூட எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வந்த பிறகும் ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள். மாமியாருக்கு மாத்திரை வாங்கப் போனதற்கு அவர்மேல் கேஸ் எழுதினார்கள். அதே நேரம் பாகூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகளுக்குப் பிரசவம். புதுச்சேரி எல்லையைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் மகன், “அத்தை, இதெல்லாம் அரசியல் சட்டத்துக்கே விரோதம். இங்கே ஒரு நர்ஸ் வரமாட்டேன்னு கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சாங்க. அடுத்த தடவை மாமாவைப் போக விடாதீங்க” என்கிறான். அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறதா? நடந்ததற்கு இப்போது வழக்குப் போடலாமா? கணவர் பாஸ்போர்ட் எடுக்கப் பார்க்கிறார். அந்தக் கேஸ் குறுக்கே வருமா?

— ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம். உங்கள் கணவரை முகாமுக்கு அழைத்துப் போனது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று எந்த நீதிமன்றத்திலும் என்னால் வாதாடி ஜெயிக்க முடியாது. ஆனால் அதைச் செய்த விதத்திலும், வாசலில் தகரம் அடித்ததிலும், பெயரை ஊர் முழுக்கச் சுற்றவிட்டதிலும் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. நாளைக்கு இன்னொரு நோய் வந்தால் ‘வரமாட்டேன்’ என்று நிற்பதில் பலம் இல்லை. ‘எந்த உத்தரவு, எத்தனை நாள், ஏன் நான்’ என்று கேட்பதில்தான் பலம் இருக்கிறது.

அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு நாடு முழுவதும் சுதந்திரமாக நடமாடும் உரிமையைக் கொடுக்கிறது. அதே பிரிவின் ஐந்தாவது உட்பிரிவு, பொதுமக்கள் நலனுக்காகச் சட்டத்தின் மூலம் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. அடுத்தது 21ஆம் பிரிவு. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் ஒருவருடைய உயிரையோ தனிமனிதச் சுதந்திரத்தையோ பறிக்கக்கூடாது என்பது அதன் சாரம். ஏதோ ஒரு நடைமுறை இருந்தால் போதாது, அது நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று 1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. (அதுவும் ஒரு பாஸ்போர்ட் தகராறில் பிறந்த வழக்குதான்.) பிறகு 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கமும் அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்பளித்தது. அரசு ஓர் உரிமையில் கை வைத்தால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை தேவைக்கு மேல் போகக்கூடாது. இன்று நீதிமன்றங்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு உங்கள் அண்ணன் மகன் சொல்லும் நர்ஸ் கதைக்கு வருவோம். கதை உண்மைதான். ஆனால் அவர் பாதியோடு நிறுத்திவிட்டார்.

அந்த நர்ஸ் கேசி ஹிகாக்ஸ். ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டில் எபோலா நோயாளிகளைக் கவனித்துவிட்டு 2014 அக்டோபரில் நியூ ஜெர்சியின் நியூவார்க் விமான நிலையத்தில் இறங்கினார். அங்கேயே நிறுத்தி, ஒரு மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் எபோலா இல்லை என்று வந்தது. மூன்று நாளில் விட்டார்கள். தான் குடியிருந்த மெய்ன் மாநிலத்துக்குப் போனால், அங்கே இருபத்தொரு நாள் வீட்டுக்குள்ளேயே இரு என்றார்கள். முடியாது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். அந்த மாநில அரசு நீதிமன்றத்துக்குப் போனது. அவரை அடைத்து வைக்கத் தேவையில்லை என்று நீதிபதி உத்தரவிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பதுதான் நமக்கு முக்கியம். எபோலா, அறிகுறி தோன்றிய பிறகுதான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும். ஹிகாக்ஸுக்கு அறிகுறியே இல்லை. அதனால் அவர் வெளியே நடமாடினாலும் யாருக்கும் ஆபத்து இல்லை என்பது அறிவியல். அப்படியும் நீதிபதி அவரை முழுக்கச் சும்மா விடவில்லை. தினமும் உடல்நிலையைக் கண்காணிக்க ஒத்துழைக்க வேண்டும், வெளியூர் போவதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அறிகுறி ஏதாவது தெரிந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று மூன்று கட்டளை போட்டார். மக்களுடைய பயம் முழுக்க அறிவுப்பூர்வமானதில்லை, ஆனாலும் அந்தப் பயம் நிஜம், அதை மனத்தில் வைத்து நடந்துகொள்ளுங்கள் என்றும் அந்த நர்ஸுக்கு எழுதினார். உங்கள் தெருப் பால்காரரை நினைத்துக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள்.

இனி கொரோனாவுக்கு வாருங்கள். அது எபோலா மாதிரி இல்லை. இருமல், காய்ச்சல் வருவதற்கு முன்பே, சில பேருக்கு அறிகுறியே வராமலும், அது பரவியது. நோய்க்கிருமி உள்ளே போய் ஓரிரு நாளில் எடுக்கும் டெஸ்டில் அகப்படாமலும் போகலாம். அதனால்தான் ‘இல்லை’ என்று வந்தும் பதினாலு நாள் வைத்தார்கள். கோயம்பேட்டிலிருந்து வந்தவர்களால் 2020 மே முதல் வாரத்தில் கடலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது உங்களுக்கே நினைவிருக்கும். ஆகவே அந்த நர்ஸின் வாதத்தை அப்படியே எடுத்து வந்து உங்கள் கணவருக்காக வைத்திருந்தால் நீதிமன்றத்தில் நின்றிருக்காது. நோயின் குணம் மாறினால் சட்டத்தின் பதிலும் மாறும்.

அந்த நர்ஸின் வழக்கில் எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. கூடாரத்தில் வைத்ததற்காக ஹிகாக்ஸ் நியூ ஜெர்சி அதிகாரிகள்மேல் வழக்குத் தொடுத்தார். 2017இல் அது சமரசத்தில் முடிந்தது. அவர் பணம் வாங்கவில்லை. இனி அந்த மாநிலத்தில் எபோலாவுக்காக யாரைத் தனிமைப்படுத்தினாலும் ஏன் என்று சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், உத்தரவை எதிர்த்து முறையிட வழி செய்ய வேண்டும் என்று விதிகள் எழுத வைத்தார். தனிமைப்படுத்துவதையே ஒழிக்கவில்லை. அதற்குள்ளே மனிதருக்கு இருக்கும் உரிமைகளை எழுத வைத்தார். உங்கள் அண்ணன் மகன் இருக்கும் அதே மாநிலம். கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு, சோகமானது. கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் ரத்த தானம் செய்யப் போன இடத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. 1989இல் அவரைப் போலீசை வைத்துப் பிடித்து, மாப்புசாவில் ஒரு பழைய காசநோய் மருத்துவமனையில் 64 நாள் அடைத்து வைத்தார்கள். கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டம் அன்று அதற்கு இடம் கொடுத்தது. அவருடைய தாயார் லூசி டிசோசா தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 1990இல், தனிமனித உரிமையைவிடப் பொதுநலன் பெரிது என்று சொல்லி அந்தச் சட்டம் செல்லும் என்றது. எச்.ஐ.வி. மூச்சுக்காற்றில் பரவுவதில்லை, கைகுலுக்கினால் பரவுவதில்லை. அப்படிப்பட்ட ஒருவரைக் கட்டடத்துக்குள் அடைப்பதால் யாருக்கு என்ன பாதுகாப்பு? சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நான் அதைத் தவறான தீர்ப்பு என்றே சொல்வேன். 2005இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சுவீடனில் எச்.ஐ.வி. உள்ள ஒருவரைக் கட்டாயமாக மருத்துவமனையில் வைத்த வழக்கில் நேர் எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அடைத்து வைப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும், அதற்கு முன் அதைவிட லேசான வழிகளை முயன்று பார்த்திருக்க வேண்டும் என்றது.

அந்த ‘லேசான வழி’ என்ற கேள்வியில்தான் உங்கள் கணவருக்கும் ஒரு நல்ல வாதம் இருந்தது. அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வீட்டுத் தனிமை வழிகாட்டுதலில், காற்றோட்டமுள்ள தனி அறை வேண்டும், தனிக் கழிப்பறை இருந்தால் நல்லது என்று இருந்தது. உங்கள் வீட்டில் அந்த வசதி இருந்திருந்தால், ‘முகாம் எதற்கு, வீட்டிலேயே இருக்கிறேன், தினமும் வந்து பாருங்கள்’ என்று கேட்டிருக்கலாம். ஒற்றை அறையில் மாமியாரோடு ஐந்தாறு பேர் என்றால் அந்த வாதமும் எடுபடாது. வீடு எப்படி என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

எந்தச் சட்டத்தின் கீழ் இதையெல்லாம் செய்தார்கள் என்று கேட்பீர்கள். முக்கியமானவை மூன்று. முதலாவது 1897ஆம் வருடத் தொற்றுநோய்கள் சட்டம். பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரர்கள் அவசரமாகக் கொண்டுவந்தது. அன்று மொத்தமே நாலு பிரிவுதான். ‘அரசு தேவை என்று நினைக்கும் எதையும் செய்யலாம்’ என்பதுதான் அதன் சுருக்கம். அந்த வருடமே புனேயில் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டதில் மக்கள் கொதித்து, பிளேக் அதிகாரி ராண்ட் சுட்டுக் கொல்லப்படும் அளவுக்குப் போனது. 2020இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் கடும் தண்டனை என்று சேர்த்தார்கள், அது சரிதான். தனிமைப்படுத்தப்படுபவருக்கு என்ன உரிமை என்று ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. அடுத்தது 2005ஆம் வருடப் பேரிடர் மேலாண்மைச் சட்டம். கலெக்டர்கள் போட்ட உத்தரவுகள் பலவற்றுக்கு இதுதான் ஆதாரம். கடைசியாக நம்முடைய சொந்தச் சட்டம், 1939ஆம் வருடத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம். தொற்றுநோயாளியை மருத்துவமனைக்கு மாற்றும் அதிகாரம் சுகாதார அலுவலருக்கு இதில் உண்டு.

ஆக, சட்டம் இல்லாமல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. சட்டம் போதுமானதா என்று கேட்டால், இல்லை என்பேன்.

‘கொரோனா காலத்தில் உரிமையெல்லாம் கிடையாது, எமர்ஜென்சி மாதிரி’ என்று அப்போது நிறையப் பேர் சொன்னார்கள், சில போலீஸ்காரர்களும்தான். அது தவறு. அரசியல் சட்டத்தில் நெருக்கடி நிலை கொண்டுவரப் போரோ, வெளி ஆக்கிரமிப்போ, ஆயுதக் கிளர்ச்சியோ வேண்டும். கொள்ளைநோய் அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியே நெருக்கடி நிலை வந்தாலும் 21ஆம் பிரிவை நிறுத்தி வைக்க முடியாது. 1978இல் வந்த 44ஆவது திருத்தம் அதை அடைத்துவிட்டது. 2020 ஜூனில் நம் மதுரைப் பக்கத்திலிருந்து போன எஸ்.காசி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய லாக்டவுனைக் காரணம் காட்டிக் கூடுதல் அவகாசம் எடுத்துக்கொள்ள முடியாது, ஊரடங்கு என்பது நெருக்கடி நிலை ஆகாது என்று கைதிக்கு ஜாமீன் கொடுத்தது.

இனி தகரத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள். உங்கள் கணவர் கல்லூரிக் கட்டடத்தில் இருக்கிறார். வீட்டில் இருப்பது நீங்களும் வயதான மாமியாரும். அவர் ஒரு ராத்திரி வீட்டில் தங்கியதால் உங்களையும் சில நாள் வெளியே வராதீர்கள் என்று சொல்லியிருக்கலாம், அதில் நியாயம் உண்டு. தகரத்தை ஆணியடித்து மூடினால் தீ விபத்து நடந்தால் எப்படி வெளியே வருவது? மாமியாருக்கு நெஞ்சு வலி வந்தால் ஆம்புலன்ஸ்காரர் எப்படி உள்ளே வருவார்? நோயைத் தடுக்கும் வேலையைத் தகரம் செய்யவில்லை, இந்த வீடு என்று அடையாளம் காட்டும் வேலையைத்தான் செய்தது. வீட்டுக் கதவில் போஸ்டர் ஒட்டிய விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது: பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் அதற்கென்று உரிய அதிகாரி உத்தரவு போட்டிருந்தால் ஒழிய, கொரோனா நோயாளி வீட்டில் போஸ்டர் ஒட்டக்கூடாது. போஸ்டருக்கே இந்த நிலை என்றால் தகரத்துக்கு எந்த உத்தரவு இருந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெயர்ப் பட்டியல் வாட்ஸ்அப்பில் போனதற்கு எந்தச் சட்டத்திலும் அனுமதி இல்லை. அது 2017 தீர்ப்பு சொன்ன அந்தரங்க உரிமையை நேரடியாக மிதித்தது.

இதில் சமத்துவம் என்ற 14ஆம் பிரிவும் இருக்கிறது. அதே காலத்தில் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தவர்களுக்கு, பணம் கட்டி ஓட்டலில் தனி அறையில் தனிமையில் இருக்கும் வாய்ப்புக் கொடுத்தார்கள். மூட்டை தூக்கியவர்கள் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் படுத்தார்கள். ஓட்டல் செலவை எல்லாருக்கும் அரசு கட்ட முடியாதுதான். ஆனால் நோய்க்குப் பதினாலு நாள் என்றால் இருவருக்கும் பதினாலு நாள். கழிப்பறை, சாப்பாடு, படுக்கைக்கு இடையே இடைவெளி எல்லாம் ஒரு குறைந்தபட்ச அளவில் இருவருக்கும் இருந்திருக்க வேண்டும். 1900இல் சான் பிரான்சிஸ்கோவில் பிளேக் என்று சொல்லிச் சீனர்கள் வாழ்ந்த பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அதே பகுதியில் இருந்த வெள்ளைக்காரர்களின் கட்டடங்களை மட்டும் கயிற்றுக்கு வெளியே விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்றால் இது சுகாதார நடவடிக்கையே இல்லை என்று அந்த ஊர் நீதிமன்றம் ரத்து செய்தது. நோயைக் காரணம் காட்டி ஆளைப் பார்த்து நடத்துவதை எந்த அரசியல் சட்டமும் ஏற்காது.

சரி, அடுத்த முறை வந்தால் என்ன செய்வது?

ஒருவரைக் குற்றத்துக்காகக் கைது செய்தால் 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. தனிமைப்படுத்தலுக்கு இது பொருந்தாது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. குற்றம் சாட்டிப் பிடிப்பதைத்தான் அந்தப் பிரிவு குறிக்கிறது என்று 1952இலேயே அஜைப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு திருடனுக்குக் கிடைக்கும் மாஜிஸ்திரேட் தரிசனம் உங்கள் கணவருக்குக் கிடைக்காது. அதனால் நாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அழைக்க வருபவரிடம் சண்டை போட வேண்டாம். எழுத்தில் உத்தரவு கேளுங்கள், போன் போட்டாவது உத்தரவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரியில் காஷ்மீர் இணைய முடக்க வழக்கில், நடமாட்டத்தைத் தடுக்கும் உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு இதில் துணை. என்று தொடங்கி என்று முடிகிறது என்று கேளுங்கள். முடிவுத் தேதி இல்லாத தனிமை எதுவானாலும் சந்தேகப்படுங்கள். டெஸ்ட் முடிவை அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். போனைப் பிடுங்கினால் ஒத்துக்கொள்ள வேண்டாம், அதற்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை.

தேதி முடிந்தும் விடவில்லை என்றால், அல்லது நோய்க்கே சம்பந்தமில்லாத ஆளைப் பிடித்துப் போட்டால், ஆட்கொணர்வு மனு இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அதுதான் உயர் நீதிமன்றம். லாக்டவுன் நாட்களிலேயே வீடியோவில் விசாரணை நடந்தது, ஆகவே போய்ச் சேர முடியாது என்ற தடை இனி இல்லை.

தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை, இந்தப் பேச்சு வந்தாலே அடுத்து அதுதான் வரும். யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல்மீதான உரிமை 21ஆம் பிரிவுக்குள் வருகிறது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, பொதுச் சுகாதாரத்துக்காக நியாயமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும் சொன்னது. இருவரும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளும் தீர்ப்பு அது.

எல்லை விஷயம் நம் ஊருக்கே உரிய தலைவலி. தென்பெண்ணையைத் தாண்டினால் புதுச்சேரி, கொஞ்சம் போனால் மறுபடியும் தமிழ்நாடு. கடலூரில் குடியிருந்து முள்ளோடை செக்போஸ்ட்டைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கும், ஜிப்மரில் வைத்தியம் பார்க்கிறவர்களுக்கும், உங்களைப் போல் பெண் கொடுத்தவர்களுக்கும் அந்த செக்போஸ்ட் வீட்டுக்கு நடுவே எழுப்பிய சுவர். சட்டப்படி அந்த முதல் மாதங்களில் மாநில எல்லையில் தடுக்க உத்தரவுகள் இருந்தன. ஆனால் மருத்துவ அவசரத்துக்கு அனுமதி தரும் ஏற்பாடும் கூடவே இருந்தது. பிரசவத்துக்குப் போகும் தாய்க்கு அதில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பெற்றவள் மருத்துவமனையில், அவளைப் பெற்றவள் செக்போஸ்ட்டில் என்று நிறுத்தியதை ‘நியாயமான கட்டுப்பாடு’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2020 ஆகஸ்டில் மத்திய அரசே மாநிலங்களுக்கிடையே போக்குவரத்தைத் தடுக்கக்கூடாது, தனி அனுமதியும் கேட்கக்கூடாது என்று சொல்லி, எல்லா மாநிலங்களுக்கும் உள்துறைச் செயலர் கடிதமும் எழுதினார். உங்கள் பேரக்குழந்தைக்கு அதற்குள் மூன்று மாதம் ஆகியிருக்கும்.

நடந்ததற்கு இப்போது வழக்குப் போடலாமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கு நஷ்டஈடு கேட்க, விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரே வருடம்தான் கெடு. நல்லெண்ணத்தில் செய்த அதிகாரிமேல் வழக்குப் போட முடியாது என்று 1897 சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு போனாலும் ‘இத்தனை வருடம் எங்கே போனீர்கள்’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். உங்கள் பணத்தை அதில் போட வேண்டாம்.

கடைசியாக அந்தக் கேஸ். மாத்திரை வாங்கப் போனதற்கு என்றால் அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 188, 269, 271 ஆகிய பிரிவுகளில் ஏதாவது போட்டிருப்பார்கள். (இன்று அவை பாரதிய நியாய சன்ஹிதாவில் 223, 271, 273 என்று எண் மாறிவிட்டன.) அன்றைய சட்டப்படி மூன்றுக்குமே அதிகபட்சம் ஆறு மாதச் சிறைதான். அந்த அளவு தண்டனை உள்ள குற்றத்துக்கு ஒரு வருடத்துக்குள் வழக்கை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால், எப்படிக் கணக்குப் பார்த்தாலும் அந்தக் கெடு தாண்டிவிட்டது. அதோடு 188ஆம் பிரிவுக்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதற்கெல்லாம் மேல், ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் பத்து லட்சத்தைத் திரும்பப் பெறுவதாகத் தமிழக அரசு 2021 பிப்ரவரியில் அறிவித்தது. போலி இ-பாஸ், போலீசைத் தாக்கியது போன்றவை மட்டும் விலக்கு.

அறிவித்தார்கள் என்பதற்காக உங்கள் கணவர் கேஸ் தானாக மூடியிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் கடலூர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அந்தக் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் உரிமை மனுவும் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு அனுப்புங்கள். வழக்கு எண் என்ன, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதும். வெறும் எஃப்.ஐ.ஆர். இருப்பதாலேயே பாஸ்போர்ட்டை மறுக்க முடியாது. நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால்தான் தடை. ஆனால் விண்ணப்பத்தில் கேட்கும் இடத்தில் மறைத்து எழுதாதீர்கள், போலீஸ் சரிபார்ப்பில் பழைய பதிவு தெரிந்தால் அதுதான் பெரிய சிக்கலாகும். ‘வழக்கு முடிக்கப்பட்டது’ என்ற பதில் கையில் வந்ததும் அதன் நகலை விண்ணப்பத்தோடு வையுங்கள். ஒருவேளை நீதிமன்றத்தில் இன்னும் நிலுவையில் இருப்பதாகத் தெரிந்தால் மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். உங்கள் கணவருக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள், லோடுமேன் கூலிக்கு அது பெரும்பாலும் தடையாக இருக்காது. வழக்கை ரத்து செய்யும் மனுவை இலவசமாகப் போட அவர்கள் உதவுவார்கள்.